ஆஃப்ரோடு வண்டியின் கம்பெனி காயில் ஸ்பிரிங்குகளை ஒப்பிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

இரண்டு காயில் ஸ்பிரிங்கைத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, "இது உயரமா இருக்கு, அப்போ இதுதான் ஸ்ட்ராங்" என்று முடிவுகட்டுவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு. சும்மா நிற்கும்போது உள்ள உயரத்தை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. குட்டையான ஸ்பிரிங் வண்டியை அதே உயரத்தில் தாங்கலாம். உயரமான ஸ்பிரிங் சுமை ஏறியதும் அதைவிட அதிகமாக அமுங்கலாம்.

பார்க்க வேண்டியவை: ஸ்பிரிங் ரேட் (ஸ்பிரிங்கை ஒரு மி.மீ. அமுக்கத் தேவைப்படும் விசை), உங்கள் வண்டியின் சுமையில் அது நிற்கும் உயரம், முழுதாக அமுங்கும்போதும் முழுதாகத் தொங்கும்போதும் அதற்குக் கிடைக்கும் இடம். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். சில அளவுகள் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டால் திரும்பக் கிடைக்காது, வேறு சில கழற்றினால்தான் கிடைக்கும்.

1. எதற்காக ஒப்பிடுகிறீர்கள் என்பதை எழுதிவையுங்கள்

பழைய ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, அதே ரகத்தை மாட்ட வேண்டும் என்றால் பார்க்க வேண்டியது சுமையில்லா நீளத்தைத்தான். ரேட் இரண்டிலும் அநேகமாக ஒன்றாகவே இருக்கும்.

இரும்பு பம்பர், வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் கயிற்று உருளை) எல்லாம் ஏற்றியாகிவிட்டது, அதே மாடலின் கனமான வகைக்கு (டீசல் எஞ்சின், நான்கு கதவு) கம்பெனி கொடுத்த ஸ்பிரிங் சரிவருமா என்பது வேறு கேள்வி. அதற்கு ரேட்டும் வேண்டும், புதிய சுமையில் நிற்கும் உயரமும் வேண்டும். உயரம் கூட்டுவது மட்டுமே நோக்கமென்றால் ரேட்டைத் தொடாமல் ஸ்பேசரிலோ தடிமனான ரப்பர் சீட்டிலோ (சீட் என்பது ஸ்பிரிங்கின் முனை உட்காரும் இடம்) வேலை முடிந்துவிடலாம். இதை முடிவுசெய்யாமல் அளக்கத் தொடங்கினால் கையில் நிறைய எண்கள் இருக்கும், விடை இருக்காது.

2. முன்கூட்டியே தேவைப்படுபவை

0.05 மி.மீ. வரை காட்டும் வெர்னியர் காலிப்பர், ஒரு மீட்டர் இரும்பு ஸ்கேல், மூலைமட்டம், சாக்பீஸ், கம்பி பிரஷ், மெல்லிய உப்புத்தாள். வண்டிக்கு ஜாக்கி, சேசிஸைத் தாங்கும் ஸ்டாண்டு இரண்டு, சக்கரத்துக்கு அடைக்கட்டை. ஆக்சில் வாரியாக எடை போட ஒரு எடைமேடை, சக்கரத்துக்கு அடியில் வைக்க 200 கிலோவாவது தாங்கும் தராசு இரண்டு.

ரேட்டை நேரடியாகச் சோதிக்க லோட் செல் (சுமையை அளக்கும் சென்சார்) வைத்த ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். பிரஷர் கேஜை மட்டும் பார்த்துச் சுமையைக் கணக்கிடலாம்தான், ஆனால் சிலிண்டர் சீலின் உராய்வு சிறிய சுமைகளில் கணக்கைக் கெடுத்துவிடும். பிரஸ் கிடைக்காவிட்டால் பரவாயில்லை, 7ஆம் படியில் உள்ள சூத்திரத்தை வைத்தே பாதிக்கு மேல் போகலாம்.

3. டேக், பெயிண்ட் கோடு, பார்ட் நம்பர்

முதலில் அடையாளத்தைப் பிடியுங்கள். பல கம்பெனிகள் கம்பியில் ஒட்டிய டேக்கிலோ பெயிண்ட் கோடுகளிலோ வகையைக் குறிக்கும். டேக் சேற்றில் போயிருக்கும். பெயிண்ட் கோடு பெரும்பாலும் சுற்றின் வெளிப்புறத்தில், அழுக்குக்கு அடியில் இருக்கும். கம்பி பிரஷ் போடுவதற்கு முன் துணியும் சோப்புத் தண்ணீரும் வைத்துத் துடையுங்கள். பிரஷ்ஷை முதலில் எடுத்தால் அழுக்கோடு அடையாளமும் போய்விடும்.

ஒரு கம்பெனியின் நிறக் குறியீடு இன்னொரு கம்பெனிக்குப் பொருந்தாது. "மஞ்சள் கோடு என்றால் ஹெவி" என்று பொதுவாக எதுவும் கிடையாது. பார்ட் நம்பர் கிடைத்தால் முழுதாக எழுதுங்கள், கடைசி எழுத்தையும் சேர்த்து. பல கம்பெனிகளில் அது திருத்தப்பட்ட பதிப்பைக் குறிக்கும்.

"ஒரே மாடல், ஒரே வருஷம், அப்போ ஒரே ஸ்பிரிங்" என்று நம்பவே கூடாது. ஜீப் ராங்ளர் போன்ற வண்டிகளில் எஞ்சின், கூரை வகை, கதவு எண்ணிக்கை, கூடுதல் சாதனங்களின் எடையைப் பார்த்து வெவ்வேறு ஸ்பிரிங் மாட்டி அனுப்புகிறார்கள். பழைய வண்டியிலிருந்து கழற்றிய ஜோடியை வாங்கும்போது அந்த வண்டியில் என்னென்ன இருந்தன என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இடது வலது விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். டிரைவர், பெட்ரோல் டேங்க், பேட்டரி இருக்கும் பக்கம் கனம் கூடுதல் என்பதால் சில வண்டிகளில் ஒரு பக்க ஸ்பிரிங் மற்றதைவிடச் சில மி.மீ. உயரமாகவோ சற்றுக் கடினமாகவோ இருக்கும். வலப்பக்க ஸ்டியரிங் வண்டிக்கும் இடப்பக்க ஸ்டியரிங் வண்டிக்கும் இது மாறலாம். ஆகவே "இடது" என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல், எந்தச் சந்தைக்கான வண்டியிலிருந்து வந்தது என்று பாருங்கள்.

4. கழற்றும் முன் வண்டியில் எடுக்க வேண்டிய அளவுகள்

சமதளத்தில் நிறுத்தி, டயர் காற்றைச் சரிசெய்து, டேங்கை நிரப்பிவிட்டு, பத்தடி முன்னும் பின்னும் உருட்டுங்கள். ஜாக்கியிலிருந்து இறக்கியதும் அளக்கக் கூடாது. தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள முன்பக்கத்தில் டயர் தரையைப் பிடித்துக்கொண்டு வண்டியை உயர்த்தியே வைத்திருக்கும்; உருட்டினால்தான் அது தன் இடத்துக்கு இறங்கும்.

ஹப்பின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்துகொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் காற்றும் உள்ளே புகுந்துவிடும்.

அடுத்து மேல் சீட்டுக்கும் கீழ் சீட்டுக்கும் இடைப்பட்ட தூரம். ரப்பர் சீட்டைச் சேர்த்தா, சேர்க்காமலா என்று கட்டாயம் குறித்துவையுங்கள்: ரப்பர் 10 மி.மீ. என்றால் அந்த 10 மி.மீ. பின்னால் எங்காவது இடிக்கும். வண்டி நிற்கும்போது ஒரு தடவை, சேசிஸை ஸ்டாண்டில் வைத்துச் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது இன்னொரு தடவை. பம்ப் ஸ்டாப் (சஸ்பென்ஷன் மேல் எல்லையில் இடிக்காமல் தடுக்கும் ரப்பர் கட்டை) முழுதாக அமுங்கும்போது உள்ள இடைவெளி, ஸ்பிரிங்கைக் கழற்றிய பின் ஆக்சிலை ஜாக்கியால் மேலே ஏற்றிப் பார்த்தால் கிடைக்கும்.

வண்டி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், குற்றவாளி முன் ஸ்பிரிங்கா பின் ஸ்பிரிங்கா என்பதை இப்போதே கண்டுபிடியுங்கள். பின் சேசிஸ் குறுக்குச் சட்டத்தின் நட்டநடுவில் ஜாக்கி வைத்து, பின் ஸ்பிரிங்குகளின் சுமை குறையும் வரை தூக்குங்கள். சாய்வு அப்படியே இருந்தால் அது முன்னால் இருந்து வருகிறது. நிமிர்ந்துவிட்டால் பின்னால் பாருங்கள். ஜாக்கியை ஆக்சிலுக்கு அடியில் கொடுக்காதீர்கள், பின் ஸ்பிரிங்குகளின் சுமை குறையாது.

5. ஸ்பிரிங்கின் மேல் உண்மையில் விழும் சுமை

எடைமேடையில் முன் ஆக்சிலையும் பின் ஆக்சிலையும் தனித்தனியாகப் போடுங்கள். வரும் எண்ணை அப்படியே இரண்டால் வகுப்பதுதான் வழக்கமான பிழை. சக்கரம், பிரேக், ஆக்சில் இவற்றின் எடையை ஸ்பிரிங் தாங்குவதில்லை; அவை டயரின் மேல் உட்கார்ந்திருக்கின்றன.

முன் ஆக்சில் எடை 1,160 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஸ்பிரிங்கும் ஷாக்கும் (ஷாக் அப்சார்பர்) கழன்ற நிலையில், சேசிஸ் ஸ்டாண்டில் இருக்க, இரு சக்கரத்துக்கு அடியிலும் தராசு வைத்தால் மொத்தம் 260 கிலோ காட்டுகிறது. மீதி 900 கிலோ, ஒரு ஸ்பிரிங்குக்கு 450. இந்த 260ஐக் கழிக்காமல் விட்டால் ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் 130 கிலோ கூடுதலாகச் சேரும். மி.மீ.க்கு 35 நியூட்டன் ரேட் உள்ள ஸ்பிரிங்கில் அது 36 மி.மீ. உயரப் பிழை. ஒரு லிஃப்ட் கிட் கொடுக்கும் உயரத்துக்குக் கிட்டத்தட்டச் சமம்!

இனிமேல்தான் வின்ச் மாட்டப் போகிறீர்கள் என்றால் அதன் எடையை நேராகக் கூட்டாதீர்கள். முன் ஆக்சிலுக்கு 0.8 மீட்டர் முன்னால் 100 கிலோ தொங்கினால், 2.4 மீட்டர் வீல்பேஸ் வண்டியில் முன் ஆக்சிலுக்கு 133 கிலோ ஏறும், பின் ஆக்சிலில் 33 கிலோ குறையும். முன்பக்கம் தாழ்வதோடு பின்பக்கம் தூக்கிக்கொள்வதும் இதனால்தான்.

6. கழற்றிய ஸ்பிரிங்கை அளப்பது

முன்னும் பின்னும் இரு சக்கரத்தையும் ஒரே ஆக்சில் இணைக்கும் வண்டிகளில் (சுசுகி ஜிம்னி, நிசான் பேட்ரோல் ஒய்60, டொயோட்டா லேண்ட் க்ரூசர் 80) பெரும்பாலும் ஸ்பிரிங் கம்ப்ரஸர் தேவைப்படாது. சேசிஸை ஸ்டாண்டில் ஏற்றி, ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி, ஆக்சிலை ஜாக்கியோடு மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் தளர்ந்து வந்துவிடும். பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடாமல் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். ஷாக்கோடு ஒரே கூட்டாக வரும் ஸ்பிரிங்குக்குக் கம்ப்ரஸர் கட்டாயம். 35 ரேட் ஸ்பிரிங்கை 200 மி.மீ. அமுக்கினால் அதில் 700 ஜூல் அடைபட்டிருக்கும்: 70 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போடுவதற்குச் சமம். கொக்கி வழுக்கினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

கம்பி விட்டம். இதில் அவசரப்படாதீர்கள். ரேட், கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 15 மி.மீ. கம்பியின் மேல் இருபுறமும் 0.2 மி.மீ. பூச்சு இருந்து நீங்கள் 15.4 என்று எழுதினால், ரேட் 11 சதவீதம் கூடிவிடும். பூச்சு ஏற்கெனவே உதிர்ந்த இடத்தைத் தேடி, உப்புத்தாளால் லேசாகத் துடைத்து, மூன்று சுற்றுகளில் குறுக்காக இரண்டு திசையில் அளந்து சராசரி எடுங்கள். நல்ல பூச்சைச் சுரண்ட வேண்டாம். சுரண்டிய இடத்தில் துரு பிடித்தால் பிறகு அங்கேதான் உடையும். வேறு வழியில்லாமல் சுரண்டினால் உடனே பெயிண்ட் தடவிவிடுங்கள்.

வெளி விட்டம். நடுச் சுற்றுகளில் அளந்து, அதிலிருந்து ஒரு கம்பி விட்டத்தைக் கழித்தால் சராசரி விட்டம். வெளி விட்டம் 145, கம்பி 15 என்றால் 130. கழிக்க மறந்து 145ஐயே சூத்திரத்தில் போடுவோர் உண்டு. ரேட் முப்பது சதவீதம் போலக் குறைந்து காட்டும்.

சுற்று எண்ணிக்கை. கம்பியின் நுனியில் சாக்பீஸ் கோடு போட்டு, அதே கோட்டுக்கு நேராக வரும் ஒவ்வொரு சுற்றையும் எண்ணுங்கள். கடைசியில் மிஞ்சுவதைக் கால் சுற்றாகக் கணக்கிடலாம். இது மொத்தச் சுற்று. வேலை செய்யும் சுற்று இதைவிடக் குறைவு, ஏனென்றால் சீட்டில் படிந்த பகுதி முறுக்கமடைவதில்லை.

எவ்வளவு கழிப்பது? ஓடிய ஸ்பிரிங்கானால் அதையே கேட்கலாம். நுனியிலிருந்து விரலால் தடவிக்கொண்டே போங்கள். சீட்டிலோ அடுத்த சுற்றிலோ உரசிய இடம் வரை பெயிண்ட் தேய்ந்து வழவழவென்று இருக்கும், அது முடியும் இடத்தில் சட்டென்று சொரசொரப்பு தொடங்கும். அந்த விளிம்பு வரை செத்த சுற்று. புதிய ஸ்பிரிங்கில் இந்தத் தடம் இருக்காது, இரு முனைக்கும் சேர்த்து ஒன்றரை முதல் இரண்டு சுற்று கழிப்பது வழக்கம். 6.5 சுற்றில் அரைச் சுற்று தவறினால் ரேட்டில் கிட்டத்தட்ட 8 சதவீதம் தவறும்.

சுமையில்லா நீளம். தட்டையான தரையில் நிறுத்தி, மூலைமட்டத்தை மேலே வைத்து அளவெடுங்கள். முனை சுருங்கி வாலாக முடியும் ரகம் நேராக நிற்காது, அதைச் சீட்டோடு சேர்த்து நிறுத்துங்கள். சற்று வளைந்து நிற்பதைப் பார்த்து "பெண்டாகிவிட்டது" என்று தூக்கிப்போட வேண்டாம். சில ஸ்ட்ரட் வகை ஸ்பிரிங்குகளை, ஷாக் தண்டின் பக்கவாட்டு உராய்வைக் குறைக்கவே, கம்பெனி வளைத்துத்தான் செய்கிறது.

முனைகள். தட்டையாக அரைத்ததா, வெட்டிவிட்டபடி இருக்கிறதா, வாலா? சுற்றும் திசை எது? சீட்டில் கம்பி நுனிக்கான படி இருந்தால், திசை மாறிய ஸ்பிரிங் அதில் உட்காராது. உள்விட்டம் பம்ப் ஸ்டாப் கிண்ணத்தைச் சுற்றி இறங்குகிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். கூடவே, கடைசிச் சுற்றின் நுனி உடைந்து விழுந்திருக்கிறதா என்றும் ஜோடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சீட்டுக்குள் மறைந்திருப்பதால் இது பல மாதம் கண்ணில் படாமல் கிடக்கும்.

7. ரேட் கணக்கு

சூத்திரம் இது:

ரேட் = (முறுக்குக் குணகம் × கம்பி விட்டம்⁴) ÷ (8 × சராசரி விட்டம்³ × வேலை செய்யும் சுற்று)

ஸ்பிரிங் எஃகின் முறுக்குக் குணகத்தைச் சதுர மி.மீ.க்கு 78,500 நியூட்டன் என்று எடுத்துக்கொள்ளலாம். எல்லா அளவும் மி.மீ.யில் இருந்தால் விடை மி.மீ.க்கு நியூட்டனில் வரும். அதை 9.81ஆல் வகுத்தால் மி.மீ.க்குக் கிலோ; 5.71ஆல் பெருக்கினால் அங்குலத்துக்குப் பவுண்டு.

‘அ’ ஸ்பிரிங்: கம்பி 15, வெளி விட்டம் 145, வேலை செய்யும் சுற்று 6.5. ரேட் 34.8, அதாவது 35. ‘ஆ’ ஸ்பிரிங்: கம்பி 16, மற்றதெல்லாம் அதேதான். ரேட் 46. ஒரே ஒரு மி.மீ. கம்பி, மூன்றில் ஒரு பங்கு கடினம். கண்ணால் பார்த்து இந்த வித்தியாசத்தைச் சொல்ல முடியாது, வெர்னியர்தான் சொல்லும்.

இந்தச் சூத்திரம் சம இடைவெளியும் சம விட்டமும் உள்ள ஸ்பிரிங்குக்கு மட்டும். பீப்பாய் வடிவம், ஒரு முனையில் நெருக்கமாகவும் மறுமுனையில் அகலமாகவும் சுற்றியது, நுனியை நோக்கி மெலியும் கம்பி இவற்றுக்கு எண்ணைப் போட்டால் விடை வரும், ஆனால் அது அந்த ஸ்பிரிங்கின் விடை அல்ல. அவற்றுக்குப் பிரஸ்தான்.

8. பிரஸ்ஸில் சோதனை

இரண்டு முனைக்கும் அந்தந்த வண்டியின் சீட்டையோ அதே வடிவத்தில் செய்த கட்டையையோ வையுங்கள். தட்டைத் தகட்டில் வைத்தால் வால் முனையின் செத்த சுற்று மாறி, ரேட்டும் மாறிவிடும். சுற்றிலும் கூண்டோ கனமான சங்கிலியோ இல்லாமல் பிரஸ்ஸை இயக்காதீர்கள்.

வண்டியில் அது அமுங்கக்கூடிய எல்லை வரை மூன்று முறை அமுக்கி விட்டுவிட்டு, நான்காம் முறைதான் குறிப்பெடுக்க வேண்டும். முதல் அமுக்கத்தில் முனைகள் சீட்டில் படிவதற்கே சில மி.மீ. போகும். பிறகு 25 மி.மீ.க்கு ஒரு முறை நிறுத்திச் சுமையைக் குறியுங்கள்.

‘அ’ ஸ்பிரிங்கில் ஒவ்வொரு 25 மி.மீ.க்கும் சுமார் 89 கிலோ ஏறிக்கொண்டே போகும். இது நேர்கோட்டு ஸ்பிரிங். கடினம் கூடிக்கொண்டே போகும் ரகத்தில் ஏற்றம் 62, 70, 80, 96, 115 என்பதுபோல் வரும். 125 மி.மீ. அமுக்கத்தில் மொத்தம் 423 கிலோ. மொத்தத்தை மொத்த அமுக்கத்தால் வகுத்தால் ரேட் 33 என்று வரும். ஆனால் வண்டி நிற்கும் அந்த இடத்தில், கடைசி 25 மி.மீ.யில், உண்மையான ரேட் 45. ஓட்டும்போது முதுகுக்குத் தெரிவது இந்த 45தான். ஒப்பிடும்போது எப்போதும் நிற்கும் உயரத்தைச் சுற்றியுள்ள ஏற்றத்தையே எடுங்கள், சராசரியை அல்ல.

பிரஸ் விடையும் சூத்திர விடையும் 5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சுற்று எண்ணிக்கையை, அடுத்து கம்பி விட்டத்தை.

9. ஒரே சுமையில் நிறுத்திப் பார்ப்பது

இதுவரை சேர்த்த எண்கள் எல்லாம் இந்த ஒரு கணக்குக்காகத்தான்:

நிற்கும் உயரம் = சுமையில்லா நீளம் − (சுமை ÷ ரேட்)

‘அ’வின் சுமையில்லா நீளம் 420 மி.மீ., ‘ஆ’வுடையது 390. சுமை 450 கிலோ, அதாவது 4,415 நியூட்டன். ‘அ’ 126 மி.மீ. அமுங்கி 294இல் நிற்கும். ‘ஆ’ 96 மி.மீ. அமுங்கி அதே 294இல் நிற்கும். தரையில் 30 மி.மீ. குட்டையாகத் தெரிந்த ஸ்பிரிங், வண்டிக்கு அடியில் ஒரு மி.மீ.கூடக் குறையவில்லை.

வித்தியாசம் வெளியே வருவது சுமை மாறும்போது. ஒரு ஸ்பிரிங்குக்கு 100 கிலோ கூடினால் ‘அ’ 28 மி.மீ. தாழும், ‘ஆ’ 21 மி.மீ. தாழும். காலியாக ஓடும்போது ‘அ’ இதமாக இருக்கும். இதை அலைவெண்ணால் சொல்வதானால், 450 கிலோவுக்கு ‘அ’ நொடிக்கு 1.4 தடவை, ‘ஆ’ 1.6 தடவை ஆடும். சிறிய வித்தியாசம்போலத் தெரியும், ஆனால் கல் பாதையில் நன்றாகவே உணரலாம்.

ஆகவே ஒரு சுமையில் மட்டும் கணக்குப் போட்டு நிறுத்தாதீர்கள். டிரைவர் மட்டும், ஆட்களும் சாமானும் முழுதாக, இந்த இரண்டு நிலைக்கும் போடுங்கள். எப்போதும் கனத்தோடு ஓடும் வண்டிக்கு ‘ஆ’, வாரம் முழுக்கக் காலியாக ஓடும் வண்டிக்கு ‘அ’. கம்பெனி ஸ்பிரிங்குகளுக்குள் "சிறந்தது" என்று தேடுவதில் அர்த்தமில்லை, எந்தச் சுமைக்குச் செய்தது என்று தேடுங்கள்.

தளர்ந்த பழைய ஸ்பிரிங்கைப் பற்றி ஒரு வார்த்தை. "ஸ்பிரிங் வீக் ஆயிடுச்சு" என்று சொன்னாலும், ரேட் அநேகமாக அப்படியே இருக்கும். குறைவது சுமையில்லா நீளம் மட்டுமே. கம்பி துருப்பிடித்து மெலிந்திருந்தால் மட்டும் கதை வேறு: 15 மி.மீ. கம்பி 14.5 ஆனால் ரேட் 13 சதவீதம் போய்விடும், உடையும் அபாயமும் கூடும். சுற்றை வெட்டிக் குட்டையாக்கிய ஸ்பிரிங்கோ கடினமாகியிருக்கும், வேலை செய்யும் சுற்று குறைந்துவிட்டதால். பழையதையும் புதியதையும் ஒப்பிடும்போது ரேட்டுக்கு ரேட், நீளத்துக்கு நீளம் என்று பிரித்தே பாருங்கள்.

10. இரண்டு எல்லைகள்

முழுதாக அமுங்கும்போது சுற்றுகள் ஒன்றையொன்று தொடும் முன் பம்ப் ஸ்டாப் வேலையை முடித்திருக்க வேண்டும். ஒட்டி நிற்கும் உயரம், மொத்தச் சுற்றைக் கம்பி விட்டத்தால் பெருக்கினால் கிடைக்கும். ‘ஆ’வுக்கு 8.5 × 16 = 136 மி.மீ. பம்ப் ஸ்டாப் அமுங்கிய நிலையில் சீட் இடைவெளி 175 என்றால் கவலையில்லை. இதே கம்பியில் 10.5 சுற்று என்றால் 168, மிச்சம் 7 மி.மீ.தான். 15 மி.மீ.க்குக் குறைந்தால் அந்த ஸ்பிரிங்கை விட்டுவிடுங்கள். இரும்போடு இரும்பு மோதும் அடி நேராகச் சீட்டுக்கும் வெல்டிங்குக்கும் போகும். பீப்பாய் வடிவ ஸ்பிரிங்கில் சுற்றுகள் ஒன்றுக்குள் ஒன்று இறங்குவதால் இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது.

தொங்கும் எல்லையைத்தான் பலர் மறக்கிறார்கள். சக்கரம் முழுதாகத் தொங்கும்போது சீட் இடைவெளி 405 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 420 நீளமுள்ள ‘அ’ 15 மி.மீ. இறுக்கத்தோடு இருக்கும். 390 நீளமுள்ள ‘ஆ’ 15 மி.மீ. தளர்ந்து ஆடும். பள்ளத்தில் ஒரு சக்கரம் தொங்கி, மறுபடி தரையில் படும்போது ‘ஆ’ சீட்டில் கோணலாக உட்காரலாம், வெளியேயும் வரலாம். நிற்கும் உயரம் ஒன்றாக இருந்தும் ஒன்று சரி, மற்றது அதைச் சீட்டோடு பிடிக்கும் கிளாம்ப் இல்லாமல் கூடாது என்று ஆவது இதனால்தான். நீளமான ஷாக் மாட்டிய வண்டியில் இந்த அளவைக் கட்டாயம் திரும்ப எடுங்கள்.

11. வேறு வேறு அமைப்புகளை ஒப்பிடும்போது

ஃபார்ச்சூனர், புதிய தார் போன்றவற்றில் முன்னால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி விஷ்போன் (சக்கரத்தைத் தாங்கும் கை), பின்னால் ஒரே ஆக்சில். இந்த முன் ஸ்பிரிங்கின் ரேட்டை ஜிம்னியின் முன் ஸ்பிரிங்கோடு நேராக வைத்துப் பார்க்கக் கூடாது.

சக்கரம் 100 மி.மீ. நகரும்போது ஸ்பிரிங் 60 மி.மீ.தான் நகர்கிறது என்றால் விகிதம் 0.6. சக்கரத்தில் உணரும் ரேட் ஸ்பிரிங் ரேட்டின் 0.36 பங்கு, அதாவது விகிதத்தின் வர்க்கம். 100 ரேட் ஸ்பிரிங் சக்கரத்தில் வெறும் 36. பார்வைக்கு மும்மடங்கு கடினமான அது, ஆக்சிலின் மேல் நேராக உட்கார்ந்த நம் ‘அ’வுக்குத்தான் சமம். சுமைக்கணக்கும் அப்படியே தலைகீழாகும்: சக்கரத்துக்கு 450 கிலோ என்றால் ஸ்பிரிங்கின் மேல் 750.

பின் ஆக்சிலிலும் ஸ்பிரிங் இழுகையின் (ஆக்சிலைச் சேசிஸோடு இணைக்கும் கை) மேல் இருந்தால் விகிதம் ஒன்றாக இருக்காது. 900 மி.மீ. இழுகையில் 750ஆவது மி.மீ.யில் ஸ்பிரிங் இருந்தால் விகிதம் 0.83, சக்கர ரேட் 0.69 பங்கு. ஒரே மாடலுக்குள் மாற்றும்போது இதெல்லாம் தேவையில்லை, வண்டி மாறினால் தேவை.

12. மாட்டிய பின் எண் ஒத்துப்போகாவிட்டால்

முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு, 4ஆம் படியில் எடுத்த அதே முறையில் அளந்து பாருங்கள். கணக்குக்கும் அளவுக்கும் 5 மி.மீ. வரை வித்தியாசம் சகஜம்.

வண்டி கணக்கைவிட உயரமாக நின்றால் முதலில் ரப்பர் புஷ்களைப் பாருங்கள். சக்கரம் தொங்கிய நிலையில் இழுகை போல்ட்டை இறுக்கியிருந்தால் ரப்பர் முறுகி, தானும் ஒரு ஸ்பிரிங்காக வேலை செய்யும். போல்ட்டைத் தளர்த்தி, வண்டியைத் தரையில் உருட்டி, நிற்கும் உயரத்திலேயே மறுபடி இறுக்குங்கள். புஷ் கிழிவதும் பெரும்பாலும் இப்படித்தான்.

கூடவே ஷாக்கை மாற்றியிருந்தால் அதன் வாயு அழுத்தத்தையும் கணக்கில் சேருங்கள். 20 பார் அழுத்தமும் 16 மி.மீ. தண்டும் உள்ள மோனோட்யூப் (ஒற்றைக் குழாய்) ஷாக் சுமார் 400 நியூட்டன் விசையோடு மேலே தள்ளும். ‘அ’ ஸ்பிரிங் வண்டியில் அது மட்டுமே 11 மி.மீ. உயரம். ஸ்பிரிங்கைக் குறை சொல்வதற்கு முன் இதைக் கழித்துவிடுங்கள்.

தாழ்வாக நின்றால், ரப்பர் சீட்டை மாட்ட மறந்தீர்களா, கம்பி நுனி சீட்டின் படியில் உட்கார்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். நுனி படியின் மேல் ஏறியிருந்தால் அந்த மூலை மட்டும் சில மி.மீ. தூக்கி, எதிர் மூலை தாழ்ந்ததுபோல் காட்டும். ஒரு பக்கம் மட்டும் சாய்ந்திருந்தால் இடது வலது ஸ்பிரிங்குகளை மாற்றிப்போட்டுப் பாருங்கள். சாய்வும் பக்கம் மாறினால் ஸ்பிரிங்தான் காரணம். சாய்வு அதே பக்கம் நின்றால் சேசிஸ், பாடி மவுண்ட், சுமை வைத்திருக்கும் விதம் இவற்றில் தேடுங்கள்.